பெடல் தரையைத் தொட்ட நாளும் கண் திறந்த பலாப்பழமும்

அன்பு மகனுக்கு,

நாடறிந்த, நகரறிந்த, திருச்சி பெரிய கடைவீதி முழுக்க ‘மாமு’ என்று கூப்பிடப்படுகிற உன் அத்தா, காலமெல்லாம் பிரேக் மிதித்த தன் வலது காலின் மீது கை வைத்து உறுதி கூறி எழுதுவது. இந்தக் கடிதத்தில் உனக்கு ஒரு கதை சொல்லப் போகிறேன். அதை நீ நம்ப மாட்டாய். உன் மனைவி நம்ப மாட்டாள். நாற்பதாம் நாள் தண்ணீர்கூட இன்னும் ஊற்றாத என் பேத்தியும் அவள் மடியில் கிடந்தபடியே உதட்டைப் பிதுக்குவாள். இதை உலகத்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள் என்பதற்கு நானே ஜவாப்தாரி.

நேற்று உன் கடிதம் வந்தது. மருங்காபுரி வெயில், கடலை மூட்டை, நீ வாங்கிய பழைய பிக்கப் வேன் என்று எல்லாவற்றையும் படித்துச் சிரித்துக்கொண்டே வந்தவன் கடைசி வரியில் வந்து முட்டி நின்றேன். “வருகிற ஞாயிற்றுக்கிழமை தொட்டியம் போய் அவளையும் பிள்ளையையும் நம்ம வண்டியிலேயே கூட்டி வந்துவிடுகிறேன் அத்தா. பிரேக் பெடல் மட்டும் கொஞ்சம் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. ரெண்டு மிதி மிதித்தால் பிடித்துக்கொள்கிறது. கவலை இல்லை.” கவலை இல்லையாம்! அந்த இடத்தில் என் மூக்குக்கண்ணாடி தானாகக் கழன்று டீயில் குதித்தது. சுவர்க் கடிகாரம் நின்றது. மலைக்கோட்டை இருந்த இடத்திலிருந்து ஒரு விரற்கடை நகர்ந்து உட்கார்ந்தது. நான் போட்ட சத்தத்தைக் கேட்டு அடுப்படியிலிருந்து உன் அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள்.

“என்னங்க, யாரு மௌத்து?”

“இன்னும் யாருமில்ல. ஞாயித்துக்கிழமைக்கு ஏற்பாடு பண்ணியிருக்கான் உம் புள்ள.”

“வாயக் கழுவுங்க முதல்ல” என்று கடிதத்தைப் பிடுங்கிப் படித்தாள். கடைசி வரி வந்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “எழுதுங்க. இப்பவே எழுதுங்க. அன்னைக்கு நடந்தத எழுதுங்க” என்றாள். எழுதுகிறேன்.

அப்போது ஐம்பதுகளின் தொடக்கம். உன் பெரியத்தா, அதாவது என் அண்ணன், வாழைக்காய் மண்டி வைத்திருந்தார். தொட்டியத்திலிருந்து தார்களை ஏற்றி வருவதற்கு ஒரு பிக்கப் வேன். அதற்கு ஓட்டுநர், காவலர், வைத்தியர், தளபதி எல்லாம் நானே. அந்த வண்டி எந்தக் கம்பெனி வண்டி என்று யாருக்கும் தெரியாது. கதவு ஒரு வண்டியுடையது, மூக்கு இன்னொன்றுடையது, ஹாரன் ஏதோ கப்பலிலிருந்து கழற்றியது. அது ஊதினால் காவிரியில் மீன்கள் கரையேறி வழிவிடும். ஆனால் உன் பெரியத்தாவைப் பற்றி நான் மிகைப்படுத்த எதுவும் இல்லை. பொய் சொல்லாதவர். பிறர் பொருளைத் தொடாதவர். இரவல் வாங்கிய குடையை மழை நிற்பதற்கு முன்பே திருப்பிக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டு வந்தவர். அவருக்கு இருந்த ஒரே குறை முட்டிவலி. தொழுகையில் சஜ்தாவுக்குக் குனிந்தால் எழுந்திருக்க முடியாது. பள்ளிவாசலில் இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்க வேண்டும். அந்த அவமானம் அவரைத் தின்றுகொண்டிருந்தது. ஹக்கீம் ஒருவர் கொடுத்த தைலத்தைத் தேய்த்துத் தேய்த்து முட்டிதான் வழுவழுப்பானது, வலி போகவில்லை.

வண்டிக்கும் அப்போது ஒரு நோய். பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். உன் வண்டியில் இருப்பது போலவே, எழுத்துக்கு எழுத்து. பாலக்கரையில் மெக்கானிக் ராயப்பனிடம் கொண்டுபோய் நிறுத்தினேன். ராயப்பன் எனக்கு மேல் வாயாடி, ஆனால் பெடலில் கை வைத்துவிட்டால் விளையாட மாட்டான். முதலில் எஞ்சினை அணைத்துவிட்டு, பெடலை அழுத்தி அப்படியே பிடிக்கச் சொன்னான். கால் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கிற ரப்பர் கப்பு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். இறங்கவில்லை. பிறகு பலமுறை மிதிக்கச் சொன்னான். மிதிக்க மிதிக்கப் பெடல் மேலே வந்து கல்லாக நின்றால், சக்கரத்துக்குள்ளே பிரேக் ஷூ தேய்ந்து டிரம்மைவிட்டு விலகியிருக்கிறது, நெருக்கி வைத்தால் போதும். மேலே வந்தும் ஸ்பிரிங் மாதிரித் துள்ளினால் குழாய்க்குள் காற்று இருக்கிறது. துள்ளியது. பெண் பார்க்க வந்த வீட்டில் சின்னப் பிள்ளைகள் துள்ளுவது போலத் துள்ளியது.

“காத்துதான் மாமு” என்றான் ராயப்பன். “ஆனா எப்படி உள்ள போச்சு? ஆயில் ஃபுல்லா இருக்கு. நாலு சக்கரத்தையும் கழட்டிப் பாத்துட்டேன், காஞ்சு கெடக்கு. ஹோஸும் உப்பல, குழாயும் ஒழுகல. ஒழுகாத வண்டில காத்து எப்படி ஏறும்?”

“பேய் ஊதிட்டுப் போயிருக்குமோ?”

“பேயா இருந்தா டயர்ல ஊதிருக்கும். உங்க வண்டில அதுக்குத்தான் அதிகத் தேவை.”

காற்றை எடுத்தோம். நான் மேலே உட்கார்ந்து மிதிக்க, அவன் கீழே மல்லாந்து படுத்து ஸ்பானரோடு “அமுக்கு! புடி! விடாதீங்க மாமு! இப்ப விடு!” என்று கத்த, சக்கரத்து நிப்பிளில் மாட்டிய குழாய் வழியாகக் கண்ணாடிப் புட்டிக்குள் குமிழிகள் வந்தன. ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவு. அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருந்தால் திருச்சி சைக்கிள்களுக்கெல்லாம் அடித்துவிட்டு மீதியை ஸ்ரீரங்கத்துக்கு அனுப்பியிருக்கலாம். பெடல் கல்லாக நின்றது. நிம்மதியாக ஓட்டி வந்தேன். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் பஞ்சு. மறுபடி ராயப்பன், மறுபடி பூசணிக்காய், மறுபடி கல். அதற்கடுத்த சனிக்கிழமை பஞ்சு. ராயப்பன் தலையில் கை வைத்துக்கொண்டான். உன் பெரியத்தாவோ பழியை முழுக்க என் கால் மேல் போட்டார். “நீ மிதிக்கிற மிதிலதான்டா கெடுது. அது பிரேக்கா, இல்ல நெல்லு மிதிக்கிற களமா?” நான் வாயடைத்துப் போனேன். நான் வாயடைத்துப் போனதற்கு அந்தக் காலத்துத் திருச்சியே சாட்சி. அப்படி ஒரு காட்சியை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

இப்படி இருக்கும்போதுதான் உன் அம்மாவைத் தொட்டியத்துத் தாய்வீட்டிலிருந்து அழைத்து வர வேண்டிய நாள் வந்தது. வியாழக்கிழமை ராயப்பனிடம் காற்றெடுத்து, பெடல் கல்லாக நிற்பதை இருவரும் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு அண்ணனும் நானும் கிளம்பினோம். அன்றைக்குத்தான் தொழுகையில் ஒரு அதிசயம் என் கண்ணில் பட்டது. அண்ணன் யார் கையையும் பிடிக்காமல் தானே எழுந்தார். “ஹக்கீம் தைலம் வேலை செய்யுதுண்ணே” என்றேன். “ம்” என்றார். அந்த ‘ம்’மில் இருந்த கோணலை அப்போதே கவனித்திருக்க வேண்டும். தொட்டியத்தில் இரவு தங்கி, காலையில் தார்களையும் தலைவாழை இலைக் கட்டுகளையும் ஏற்றினோம். இலைகள் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண வீட்டுக்கு. கிளம்புவதற்கு முன் ஆயில் பார்த்தேன். அந்த வண்டியில் பிரேக் ஆயில் தொட்டி ஓட்டுநரின் காலுக்கடியில், பலகைக்குக் கீழே இருக்கும். மூடியைத் திறந்தால் விளிம்புவரை ஆயில். ஆகவே எல்லாம் சரி என்று நினைத்தேன். மகனே, இந்த வரியை மட்டும் இரண்டு முறை படி. தொட்டி நிறைந்திருப்பது, இப்போது நிறைந்திருக்கிறது என்பதற்குத்தான் அத்தாட்சி. நேற்று என்ன நடந்தது என்பதை அது சொல்லாது.

முன் சீட்டில் நாங்கள் மூன்று பேர். வலது ஓரம் ஸ்டியரிங்கில் நான், நடுவில் உன் அம்மா, இடது ஓரத்தில் காலை நீட்டிக்கொண்டு அண்ணன். உன் அம்மா மடியில் ஒரு பலாப்பழம். கொல்லிமலைப் பலா. வெள்ளைத் துணியில் சுற்றி, மேலே ஒரு பச்சைத் துண்டு போர்த்தி, அதன் மேல் தன் முந்தானையையும் போர்த்தி வைத்திருந்தாள். அவ்வளவு பொத்திப் பொத்திக் கொண்டுவந்த பழம் உலகத்தில் வேறொன்று இருந்திருக்காது. குழியில் வண்டி குலுங்கினால் எனக்குத் திட்டு. ஹாரன் அடித்தால் எனக்குத் திட்டு. “மெதுவா அடிங்களேன், தூங்குது” என்றாள். பலாப்பழம் தூங்கியது. அண்ணன் குனிந்து அதை முகர்ந்து பார்த்து, “மாஷா அல்லாஹ், என்னா வாசனை” என்றார். நம்பாதே, நம்பாதே, நான்தான் ஆரம்பத்திலேயே சொன்னேனே.

முசிறி தாண்டியதும் பெடல் இலேசாக அமுங்கியது. இரண்டு மிதி மிதித்தேன், பிடித்துக்கொண்டது. குணசீலம் பக்கம் ஒரு மாடு குறுக்கே வந்தபோது மூன்று மிதி. அப்போதும் பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொள்கிற வரைக்கும் மனிதனுக்கு அது ஒரு நோயாகவே தோன்றாது, அதுதான் இந்த நோயின் சாமர்த்தியம். கொள்ளிடம் பாலத்தைக் கடந்து, திருவானைக்காவலில் கூட்டத்துக்குள் ஊர்ந்து, ஸ்ரீரங்கத்தில் அந்தக் கல்யாண வீடு இருக்கிற வீதிக்குள் திரும்பினேன். வீதியின் நடுவில், பந்தலுக்கு முன்னால், எங்களுக்கு வீடு காட்டுவதற்காக ஒரு ஐயங்கார் ஸ்வாமி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். “இங்கேதான்! இங்கேதான்! நிறுத்துங்கோ!” என்று பூரித்துப் போய்க் கூப்பிட்டார். நிறுத்துவதற்காக மிதித்தேன்.

பெடல் போனது. போய்க்கொண்டே இருந்தது. பலகையைத் தொட்டது. எடுத்து மறுபடி மிதித்தேன், பலகை. மறுபடி, பலகை. என் காலுக்கடியில் வண்டியே இல்லை, வானம்தான் இருந்தது. என் உடம்பில் இருந்த ரத்தமெல்லாம் ஒரே நேரத்தில் இறங்கி வண்டியைவிட்டு ஓடிப்போனது. “அண்ணே, பிரேக் இல்ல!” என்றேன். “அப்ப நிறுத்து!” என்றார் அண்ணன். அதைவிட நியாயமான யோசனையை நான் கேட்டதில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், அது அந்த வண்டியில் அழகுக்குத்தான் போட்டிருந்தார்கள், இழுத்த இழுப்புக்குக் கையோடு வந்தது. கியரைக் கீழே தள்ளினேன், எஞ்சின் சிங்கம் போல அலறியது. வாழைத்தார்கள் பின்னாலிருந்து தள்ளின. உன் அம்மா கத்தவில்லை. குனிந்து, பழத்தின் மேல் தன்னையே மூடி போலக் கவிழ்த்துக்கொண்டு, “யா அல்லாஹ், இத மட்டும்” என்றாள். அந்த நேரத்தில் நான் அவள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவளுடைய கைக்கும் முந்தானைக்கும் நடுவே, பலாப்பழம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது.

இரண்டு கண். கறுப்பு. நேராக என்னை.

அதன்பிறகு நடந்ததற்கு ஸ்ரீரங்கமே சாட்சி. ஸ்வாமி “ரங்கா!” என்று ஒரு தாவு தாவினார், அப்படியே கோபுரத்தில் மூன்றாம் நிலையில் போய் நின்றார். பந்தலின் முன்கால்களை வண்டி பிடுங்கிக்கொண்டது. வாழைமரமும் தோரணமும் கட்டிய பந்தலை நாங்கள் தலையில் சுமந்துகொண்டு, தேர் போல வீதியில் நகர்ந்தோம். நாதஸ்வரக்காரர் மாப்பிள்ளை அழைப்பு என்று நினைத்து வாசிக்க ஆரம்பித்துவிட்டார். அடுத்த வீட்டு வாசலில் கட்டட வேலைக்காகக் காவிரி மணல் குவித்திருந்தது. ஸ்டியரிங்கை அதன் பக்கம் ஒடித்தேன். வண்டி மூக்கை மணலில் புதைத்தது. இலைக் கட்டுகள் பறந்துபோய் வீதி முழுக்க வரிசையாகப் பந்தி போட்டது போல விரிந்தன.

முதலில் என் மூக்குக்கு ஒரு வாசனை வந்தது. பிரேக் ஆயில். விளக்கெண்ணெயும் ஸ்பிரிட்டும் கலந்த அந்த வாசனை எனக்கு உறக்கத்திலும் தெரியும். குழாய் வெடித்துவிட்டது என்று நினைத்து வண்டிக்கு அடியில் புகுந்து தடவினேன். ஒரு சொட்டு ஈரமில்லை. பெடலை முகர்ந்தேன், இல்லை. சீட்டை முகர்ந்தேன், கொஞ்சம் இருந்தது. வாசனையைப் பிடித்துக்கொண்டு நாய் மாதிரி நகர்ந்து நகர்ந்து கடைசியில் போய் முட்டியது உன் பெரியத்தாவின் முட்டியில். கைலி கிழிந்து, முட்டி வெயிலில் கண்ணாடி மாதிரி மின்னியது.

“அண்ணே, முட்டில என்ன?”

“தைலம்.”

“ஹக்கீம் தைலமா?”

“இல்ல.”

“எங்க வாங்கினது?”

“வாங்கல. எடுத்தது.”

“எங்கேர்ந்து?”

என் அண்ணன், பொய் சொல்லத் தெரியாத மனிதர், ஒரு விரலை நீட்டி என் காலுக்கடியில் இருந்த பலகையைக் காட்டினார். அவர் இடுப்பிலிருந்து ஒரு காலி அத்தர் புட்டியும், மண்டியில் பேனாவுக்கு மை ஊற்றுகிற ஃபில்லரும் உருண்டு மணலில் விழுந்தன. மகனே, பிரேக் போனபோது எனக்கு வந்த அதிர்ச்சி ஒரு வாழைத்தார் என்றால், இது தோட்டம். ஒரு நாள் தொட்டியில் ஆயில் இருக்கிறதா என்று பார்க்கும்போது கொஞ்சம் முட்டியில் சிந்தியிருக்கிறது. முதலில் ஜில்லென்று இருந்து, பிறகு சூடு பரவி, அன்றைக்குத் தானாக எழுந்து தொழுதிருக்கிறார். அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையும், யாரும் பார்க்காதபோது, பலகையைத் தூக்கி ஃபில்லரால் உறிஞ்சி உறிஞ்சி ஒரு புட்டி. டின்னில் இருந்த புது ஆயில் முட்டிக்குச் சூடு ஏற்றவில்லையாம், வண்டியில் ஊறிய ஆயில்தான் கேட்டதாம்.

“திருப்பி ஊத்திட்டேன்டா!” என்று கத்தினார். கண்ணில் தண்ணீர். “அல்லா அறிய, ஒரு சொட்டு கொறையாம டின்னிலேர்ந்து திருப்பி ஊத்திட்டேன்! வெள்ளிக்கிழமை எடுத்தா சனிக்கிழமை காலைல வச்சிடுவேன். இன்னைக்கும் நீ சாப்பிட உக்காந்தப்ப ஊத்திட்டேன். தொட்டி நெறஞ்சுதானே இருந்துச்சு? நீயே பாத்தியே?”

“நடுவுல வண்டி ஓடுச்சேண்ணே!”

“நடுவுலயா?” என்றார். அந்த ‘நடுவு’ அவர் கணக்கிலேயே இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டால் எடுக்காதது போலத்தான் என்று நம்பியிருக்கிறார், குடையைப் போல. வெள்ளிக்கிழமை தொட்டி குறைந்து கிடந்தபோது நான் மிதித்த ஒவ்வொரு மிதிக்கும் ஆயிலுக்குப் பதிலாகக் காற்று உள்ளே போயிருக்கிறது. சனிக்கிழமை மேலே ஆயில் ஊற்றியதால் உள்ளே போன காற்று வெளியே வந்துவிடுமா? அது குழாய்க்குள் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. அண்ணன் ஒரு முறை உன் அம்மாவின் மடியைப் பார்த்தார். பிறகு தன் முட்டியைப் பார்த்தார். கிழிந்த கைலியின் ஓரத்தால் அதைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். நான் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

அதற்குள் ஸ்வாமி கோபுரத்திலிருந்து இறங்கி வந்துவிட்டார். “இலைதானே கேட்டேன் பாய்? பந்தலையும் எடுத்துண்டு போகச் சொன்னேனோ?” என்று ஆரம்பித்தவர், வண்டிக்குள் எட்டிப் பார்த்ததும் குரல் மாறிவிட்டது. “பெருமாளே! அம்மாடி, பழத்துக்கு ஒண்ணும் ஆகலையே?” என்று கேட்டார். வீட்டுக்குள்ளிருந்து ஒரு மாமி ஓடி வந்து, உன் அம்மாவை நிழலில் உட்கார வைத்து, வெந்நீர் கொடுத்து, “யார் கண்ணோ பட்டிருக்கு” என்று பலாப்பழத்தின் நெற்றியில் ஒரு மைப்பொட்டு வைத்தாள். வைத்த பிறகு பழம் கொட்டாவி விட்டது. நாங்கள் எல்லாரும் சேர்ந்து பந்தலைத் திரும்ப நிறுத்தினோம். அண்ணன் வலிக்கிற முட்டியை ஊன்றிக்கொண்டு எல்லாக் குழிக்கும் அவரே மண் தள்ளினார்.

மகனே, உன் வண்டியில் முட்டிவலிக்காரர் யாரும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அது பழைய வண்டி. உனக்கு முன்னால் யார் யார் எதை எடுத்து எதை ஊற்றினார்கள் என்று உனக்குத் தெரியாது. எஞ்சினை அணைத்துவிட்டுப் பெடலைப் பிடித்துப் பார். இறங்குகிறதா, ஏறிக் கல்லாக நிற்கிறதா, ஏறியும் துள்ளுகிறதா? சக்கரத்தின் உள்பக்கம் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவு. வேறொருவரை மிதிக்கச் சொல்லி, ஹோஸ் பாம்பு போல உப்புகிறதா பார். காற்றெடுத்தால், தொட்டிக்குத் தூரமான சக்கரத்திலிருந்து ஆரம்பித்து, முடிகிறவரை தொட்டி குறையாமல் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். புட்டியில் வந்த ஆயிலைத் திருப்பி ஊற்றாதே. அதற்குப் பிறகும் ஒரு வாரம் கழித்துப் பெடல் மறுபடி பஞ்சானால், காற்றை மறுபடி எடுத்துவிட்டுச் சந்தோஷப்படாதே, எந்த வழியாக வந்தது என்று கண்டுபிடிக்கும்வரை அந்த வண்டியில் யாரையும் ஏற்றாதே. இந்தப் பகுதி ராயப்பன் சரக்கு, என் சரக்கு இதில் கலக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ பஸ்ஸில் தொட்டியம் போ. பஸ்ஸில் கூட்டி வா. வண்டியை மருங்காபுரியிலேயே நிறுத்தி, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுது. நான் வருகிறேன். பெடலை நானே மிதித்துப் பார்க்க வேண்டும்.

இதுவரை எழுதியதை உன் அம்மா தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். கோபுரத்துக்குச் சிரித்தாள். நாதஸ்வரத்துக்குச் சிரித்தாள். பெடல் போன இடம் வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, “அந்த எடத்துல மட்டும் நீங்க எதையும் சேக்கலியே” என்றாள். அவளுக்குப் பதில் சொல்லவில்லை, உனக்குச் சொல்கிறேன். மலைக்கோட்டை நகரவில்லை. ஸ்வாமி மூன்றாம் நிலைக்குப் போகவில்லை, பக்கத்துப் படிக்கட்டில்தான் ஏறினார். பந்தலில் நாலு கீற்றுதான் சரிந்தது. முட்டியைப் பற்றிக் கேட்டால் அண்ணன் இன்றைக்கும் மறுக்க மாட்டார், ஆனால் அதையும் நீ நம்ப வேண்டாம், கழித்துவிடு. எல்லாவற்றையும் கழித்துவிடு. ஒன்றை மட்டும் விட்டுவை. பெடல் பலகையைத் தொட்டபோது நான் திரும்பிப் பார்த்தேன். உன் அம்மா மடியில் இருந்தது, இப்போது இந்தக் கடிதத்தைப் படித்துக்கொண்டிருப்பது, கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அழவில்லை. அத்தா நிறுத்திவிடுவார் என்பது போலப் பார்த்தது. அது மட்டும் நிஜம்.

உன் அத்தா